பெலான் வரைவில் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யாமலிருக்க: ஆட்டோகேட் தானியக்கம், படிப்படியாக

மலேசியாவில், பினாங்கின் செபராங் பிறைப் பக்கம் வரிசை வீட்டுத் திட்டங்களுக்குப் பெலான் (கட்டடப் படம்) வரைபவர்களுக்கு இந்தச் சிக்கல் நன்றாகத் தெரியும். வீடு ஒரே மாதிரிதான், ஆனால் ஒரே தளப்படம் பல வாசல் ஏறி இறங்க வேண்டும். கட்டடப் பெலான் மாநகர் மன்றத்துக்குப் போகும். அதன்மேல் தீயணைப்புக் குறிகள் போட்டு பொம்பாவுக்கு (தீயணைப்புத் துறை), மின் இணைப்புக் காட்டி தெனாகாவுக்கு (மின்சார நிறுவனம்), அப்புறம் குடிநீர், கழிவுநீர் என்று தனித்தனித் தாள்கள். மன்றத்திலிருந்து குறிப்பு எழுதித் திருப்பி அனுப்புவார்கள். ஒரு சுவரை நகர்த்த வேண்டும். அந்த ஒரு சுவருக்காக எல்லாக் கோப்பையும் திறந்து, பரப்பளவைத் திருத்தி, அட்டவணையைத் திருத்தி, தலைப்புக் கட்டத்தில் பிண்டாஆன் (திருத்த) எழுத்தை மாற்றி, பிடிஎஃப் எடுத்து முடிப்பதற்குள் இரவாகிவிடும். எங்கேயோ ஒரு தாளில் பழைய எண் அப்படியே நின்றுவிடும்.

புதிதாக வேலைக்குச் சேரும் தம்பிகள் முதலில் கேட்பது, "அண்ணே, நல்ல லிஸ்ப் இருந்தா குடுங்கண்ணே" என்பதுதான். கேட்பதில் தவறில்லை. ஆனால் லிஸ்ப், அதாவது ஆட்டோகேட்டுக்குள் ஓடும் சிறு நிரல், கடைசியில் வர வேண்டியது. ஒழுங்கில்லாத படத்தில் லிஸ்ப் ஓட்டினால் ஒழுங்கின்மைதான் வேகமாகப் பரவும். தானியக்கத்துக்கு அடிப்படை விதி ஒன்றுதான்: ஒரு தகவல் ஒரே இடத்தில்தான் எழுதப்பட்டிருக்க வேண்டும், தேவைப்படும் மற்ற இடமெல்லாம் அங்கிருந்து தானே எடுத்துக்கொள்ள வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த விதியைத்தான் வேறு வேறு வகையில் செய்கிறது.

பெலான் வரையும் மென்பொருளான ஆட்டோகேட்டில், விண்டோஸில் ஓடும் முழுப் பதிப்பை (எல்டி என்ற குறைந்த பதிப்பை அல்ல) வைத்து எழுதுகிறேன். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். கணினியில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

முதல் படி: கை எதைத் திரும்பச் செய்கிறது?

ஒரு வாரம் வேலை செய்யும்போது பக்கத்தில் ஒரு தாள் வைத்து, ஒரே செயலை மூன்றாவது முறை செய்யும்போது அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான அலுவலகங்களில் பட்டியலின் மேலே வருபவை லேயர் (படத்தின் அடுக்கு) உருவாக்குவது, கதவு சன்னல் வைப்பது, பரப்பளவு கணக்கிடுவது, தலைப்புக் கட்டத்தை நிரப்புவது, பிடிஎஃப் எடுப்பது. படம் வரைவதற்கு ஆகும் நேரத்தைவிட வரைந்த படத்தைச் சுற்றியுள்ள எழுத்து வேலைக்குத்தான் நேரம் அதிகம் போகிறது என்பது அப்போது தெரியும். அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

இரண்டாம் படி: டெம்ப்ளேட்

இதை நீட்ட வேண்டியதில்லை. லேயர்கள், எழுத்து வகை, அளவுக்கோட்டு வகை, தாள் அளவு, பிளாட் ஸ்டைல் (அச்சில் கோட்டின் தடிமன், நிறம்) எல்லாம் உள்ள ஒரு டிடபிள்யூடி (டெம்ப்ளேட்) கோப்பு அலுவலகத்துக்கு ஒன்றே ஒன்று. அலகு மில்லிமீட்டர் என்று அதிலேயே பதிந்துவிடுங்கள். பழைய வேலையின் கோப்பைத் திறந்து, அழித்து, வேறு பெயரில் சேமித்துப் புது வேலை தொடங்கும் வழக்கம் இருந்தால் அதை இன்றோடு விட்டுவிடுங்கள். பழைய வீட்டின் குப்பை லேயர்களும் பழைய வாடிக்கையாளர் பெயரும் அப்படித்தான் புதுப் படத்துக்குள் வந்து சேர்கின்றன.

மூன்றாம் படி: சன்னலைப் பேசவைப்பது

நான்கு கோடு போட்டுச் சன்னல் என்று வைத்தால் அது கணினிக்கு நான்கு கோடுதான். அதையே டைனமிக் பிளாக்காக (ஒரே பொருளாகக் கட்டிய, அளவு மாற்றக்கூடிய கோட்டுத் தொகுப்பாக) செய்தால் தன் அகலமும் உயரமும் வகையும் தெரிந்த பொருளாகிவிடும். டைனமிக் பிளாக் 2006 பதிப்பிலிருந்தே ஆட்டோகேட்டில் இருக்கிறது. இன்னமும் அதைத் தொடாத அலுவலகங்கள் நிறைய இருக்கின்றன என்பதுதான் வருத்தம்.

செய்யும் முறை இதுதான். பிளாக்குக்குள் உள்ள கோடுகளை எல்லாம் 0 லேயரில் வரையுங்கள். அப்போதுதான் வைக்கும் லேயரின் நிறத்தை அது எடுத்துக்கொள்ளும். பிளாக் எடிட்டரில் அகலத்துக்கு ஒரு லீனியர் பராமீட்டர் வைத்து, ஸ்ட்ரெச் ஆக்‌ஷனை இணையுங்கள். அந்தப் பராமீட்டருக்கு 600, 900, 1200, 1800 என்று நீங்கள் உண்மையில் பயன்படுத்தும் அளவுகளை மட்டும் பட்டியலாகக் கொடுங்கள். இதனால் 1187 அகலமுள்ள சன்னல் படத்துக்குள் நுழையவே முடியாது.

அப்புறம் அட்ரிபியூட்கள், அதாவது பிளாக்கோடு ஒட்டியிருக்கும் எழுத்துக் கட்டங்கள். சன்னல் எண், உயரம், திறக்கும் பங்கு என்று மூன்றை நிரப்பும்படி வையுங்கள். அகலத்தைக் கையால் எழுதவிடாதீர்கள். அதற்கான அட்ரிபியூட்டில் ஒரு ஃபீல்டை, அதாவது வேறிடத்து மதிப்பைத் தானே படித்துக் காட்டும் எழுத்தை, நுழையுங்கள். பிளாக் எடிட்டருக்குள் இருக்கும்போது ஃபீல்ட் பட்டியலில் பிளாக் பிளேஸ்ஹோல்டர் என்ற வகை தெரியும், அதில் உங்கள் அகலப் பராமீட்டரைத் தேர்ந்தெடுங்கள். இனிச் சன்னலை இழுத்து நீட்டி ரீஜென் (திரையைப் புதுப்பிக்கும் கட்டளை) கொடுத்தால் எண்ணும் தானே மாறும்.

எல்லாச் சன்னலும் கதவும் இப்படி ஆனபின், டேட்டா எக்ஸ்ட்ராக்‌ஷன் கட்டளை ஒன்றிலேயே கதவு சன்னல் அட்டவணை கிடைக்கும். படத்தில் ஒட்டிய அட்டவணை மூலத்தோடு இணைந்தே இருப்பதால், படம் மாறினால் அதை அப்டேட் செய்தால் போதும். எத்தனை கதவு என்று விரல் வைத்து எண்ணும் வேலை அதோடு முடிந்தது.

நான்காம் படி: வெளிச்சம், காற்றோட்டக் கணக்கு

நம் நாட்டுப் பெலான் வேலையில் தானியக்கம் மிக அதிகம் பலன் தரும் இடம் இதுதான் என்பது என் கருத்து. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1984ஆம் ஆண்டின் ஒருசீர் கட்டடத் துணைவிதிகளில் 39ஆவது விதி, அறையின் தரைப்பரப்பில் குறைந்தது 10 விழுக்காடு அளவுக்குச் சன்னல் வேண்டும், காற்றுத் தடையின்றிப் புகும் திறப்பு குறைந்தது 5 விழுக்காடு வேண்டும் என்கிறது. இதற்காகத் தளப்படத்தோடு ஒரு அட்டவணை போடுகிறோம். பெரும்பாலும் கையால், கால்குலேட்டரைத் தட்டித்தான்.

ஒரு படுக்கையறையை எடுத்துக்கொள்வோம். உள்ளளவு 3500க்கு 4100. பரப்பு 14.35 சதுர மீட்டர். வேண்டிய சன்னல் 1.435, வேண்டிய திறப்பு 0.7175. அங்கே 1200க்கு 1200 அளவில் நகரும் கண்ணாடிச் சன்னல் ஒன்று இருக்கிறது: பரப்பு 1.44, பாதிதான் திறக்கும் என்பதால் திறப்பு 0.72. இரண்டும் மயிரிழையில் தேறிவிட்டன. இப்போது வீட்டுக்காரர் சுவரை 100 மில்லிமீட்டர் தள்ளச் சொல்கிறார். அறை 3600க்கு 4100 ஆகிறது, பரப்பு 14.76. வேண்டிய சன்னல் 1.476, வேண்டிய திறப்பு 0.738. இரண்டுமே தவறிவிட்டன. படத்தைப் பார்க்கும் கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. சுவரை நகர்த்தியவர் கையால் போட்ட அட்டவணையை மறந்துவிட்டால், மன்றத்தில் சரிபார்க்கும் அதிகாரிதான் இதைக் கண்டுபிடிப்பார்.

இதைத் தானாக நடக்கச் செய்ய வேண்டுமா? ஒவ்வோர் அறையின் உட்சுவரை ஒட்டி ஒரு மூடிய பாலிலைன் (தொடர்கோடு) வரைந்து, அச்சில் வராத ஒரு லேயரில் வையுங்கள். பிறகு டேபிள் கட்டளையில் அட்டவணை போடுங்கள். பரப்பு வரவேண்டிய கட்டத்தில் எண் எழுதாமல் ஃபீல்ட் நுழையுங்கள்: ஆப்ஜெக்ட் வகை, அந்த அறையின் பாலிலைன், அதில் ஏரியா. மில்லிமீட்டரில் வரைந்திருப்பதால் கூடுதல் அமைப்பில் மாற்று எண்ணாக 0.000001 கொடுத்தால்தான் சதுர மீட்டர் வரும். தசமம் மூன்று இடம் வையுங்கள். இரண்டு வைத்தால் 1.435 போன்ற விளிம்பு எண்கள் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

அடுத்த கட்டங்களில் எக்செல் போலவே சூத்திரம் எழுதலாம். பரப்புக் கட்டத்தை 0.1ஆல் பெருக்குவது ஒன்று, 0.05ஆல் பெருக்குவது ஒன்று, கொடுத்த சன்னல் பரப்பிலிருந்து வேண்டியதைக் கழிப்பது ஒன்று. கடைசிக் கட்டத்தில் கழித்தல் குறி தெரிந்தால் அந்த அறை தவறிவிட்டது என்று பொருள். இனிச் சுவரை ஸ்ட்ரெச் செய்யும்போது பாலிலைனையும் சேர்த்து வளைத்துப் பிடித்து நகர்த்தினால் போதும். ரீஜென் கொடுத்த அடுத்த நொடி அட்டவணை உண்மையைச் சொல்லிவிடும்.

இதில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஓர் அறையின் பரப்பு எழுத்தை மட்டும் நகலெடுத்து இன்னோர் அறையில் வைத்தால் அது பழைய அறையின் பரப்பையே காட்டிக்கொண்டிருக்கும். பாலிலைனை யாராவது அழித்துவிட்டால் எண்ணுக்குப் பதில் #### என்ற கம்பிக் குறிகள் தெரியும். அதைப் பார்த்துக் கோபப்பட வேண்டாம், தவறான எண்ணைக் காட்டுவதைவிட அது எவ்வளவோ மேல்.

ஐந்தாம் படி: எக்ஸ்ரெஃப்

தளப்படத்தை ஒரே கோப்பில் வைத்து, கட்டடம், பொம்பா, மின்சாரம், நீர் என்று ஒவ்வொரு துறைக்கான கோப்பிலும் எக்ஸ்ரெஃப் ஆக (மூலக் கோப்பு மாறினால் தானும் மாறும் வெளி இணைப்பாக) இணையுங்கள். இணைக்கும்போது அட்டாச்சுக்குப் பதில் ஓவர்லே என்று கொடுங்கள். ஒன்றுக்குள் ஒன்று சுற்றி வராது. பாதையை ரிலேட்டிவ் ஆக்குங்கள். கோப்புறையை வேறு கணினிக்கு மாற்றினாலும் இணைப்பு அறுந்துபோகாது. வரிசை வீடுகளுக்கும் இதேதான்: வீட்டு வகை ஒவ்வொன்றும் ஒரு கோப்பு, மனைப்படத்தில் அது அடுக்கடுக்காக இணைக்கப்பட்டிருக்கும்.

ஆறாம் படி: தலைப்புக் கட்டம்

திட்டத்தின் பெயர், மனை எண், உரிமையாளர், தாள் எண், தாரிக் (தேதி), ஸ்காலா (அளவு விகிதம்), பிண்டாஆன். தாள் தோறும் இவற்றைக் கையால் தட்டிக்கொண்டிருப்பதை நிறுத்த ஷீட் செட் மேனேஜர் இருக்கிறது. எல்லாத் தாளையும் ஒரு தொகுப்பாக்கி, திட்டப் பெயர், உரிமையாளர் போன்றவற்றைத் தொகுப்பின் கஸ்டம் பிராப்பர்ட்டியாக ஒரே முறை எழுதுங்கள். தலைப்புக் கட்டத்தின் அட்ரிபியூட்கள் அவற்றை ஃபீல்ட் மூலம் படிக்கட்டும். தாள் எண்ணும் தாளின் பெயரும் அதே வழியில் வரும். பிடிஎஃப் எடுப்பதும் இங்கிருந்தே: தொகுப்பின் பெயரில் வலது சொடுக்கி பப்ளிஷ் கொடுத்தால் எல்லாத் தாளும் வரிசையாக ஒரே கோப்பில் வந்துவிடும். ஒவ்வொரு லேயவுட்டுக்கும் (அச்சுத் தாளுக்கும்) பேஜ் செட்டப் முன்கூட்டியே சரியாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

பழைய திட்டங்களில் இந்த ஏற்பாடு இருக்காது. முப்பது நாற்பது கோப்பில் தலைப்புக் கட்டம் சாதாரண அட்ரிபியூட்டோடு நிற்கும். அவற்றுக்குத்தான் அடுத்த மூன்று படிகளும்.

ஏழாம் படி: ஸ்கிரிப்ட்

நீங்கள் கட்டளை வரியில் தட்டுவதை அப்படியே நோட்பேடில் எழுதி, எஸ்சிஆர் என்ற நீட்சியோடு சேமித்தால் அது ஸ்கிரிப்ட். நிரலாக்கம் தெரிய வேண்டியதில்லை. ஒரு படத்தைச் சுத்தம் செய்யும் ஸ்கிரிப்ட் இப்படி இருக்கும்:

ஆடிட்
ஒய்
-பர்ஜ்
ஏ
*
என்
-பர்ஜ்
ஏ
*
என்
ஜூம்
ஈ
கியூசேவ்

ஆடிட் படத்தின் பிழைகளைத் திருத்தும், பர்ஜ் பயன்படாத பிளாக், லேயர்களை நீக்கும். பர்ஜுக்கு முன்னால் உள்ள சிறு கோட்டைக் கவனியுங்கள். அது இருந்தால் பெட்டி திறக்காமல் கேள்விகள் எல்லாம் கட்டளை வரியிலேயே வரும்; ஸ்கிரிப்டால் பெட்டியில் பொத்தான் அழுத்த முடியாது என்பதால் இது கட்டாயம். லேயர், இன்சர்ட், பிளாட் எல்லாவற்றுக்கும் இதே முறை உண்டு. பர்ஜ் இரண்டு முறை வருவதற்குக் காரணம், ஒரு பிளாக் நீங்கியபின்தான் அதற்குள் மட்டும் பயன்பட்டுவந்த லேயர் வெளியே தெரியவரும்.

ஸ்கிரிப்டில் இடைவெளியும் ஒரு என்டர்தான். வரியின் முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி நின்றுவிட்டால், முந்திய கட்டளையே மறுபடி தொடங்கி எல்லாம் குழம்பும். சரியாக ஓடாத ஸ்கிரிப்டில் முதலில் தேட வேண்டியது இதைத்தான். கோப்பு திறக்கும் பெட்டி வராமலிருக்க ஃபைல்டியா மாறியை 0 ஆக்கினால், கடைசி வரியில் அதை மறுபடி 1 ஆக்குங்கள். ஸ்கிரிப்ட் பாதியில் நின்றால் அது 0ஆகவே இருந்துவிடும். "ஓப்பன் கொடுத்தா பெட்டியே வரலண்ணே" என்று யாராவது வந்து நின்றால் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

எட்டாம் படி: ஆட்டோலிஸ்ப்

ஸ்கிரிப்ட் யோசிக்காது. "இந்தப் பெயருள்ள பிளாக் இருந்தால் மட்டும் மாற்று" என்று சொல்ல வேண்டுமானால் ஆட்டோலிஸ்ப் வேண்டும். 1986இலிருந்து ஆட்டோகேட்டோடு வரும் மொழி இது. ஆட்டோகேட் எல்டி வைத்திருப்பவர்களுக்கு 2024 பதிப்பில்தான் கிடைத்தது. பிரிக்ஸ்கேட், இசட்டபிள்யூகேட் போன்றவற்றிலும் லிஸ்ப் ஓடும் என்பதால் கற்றது வீண்போகாது.

தலைப்புக் கட்டத்தில் பிண்டாஆன் எழுத்தை மாற்றும் லிஸ்ப்புக்கு நான்கே வேலை. டீஃபன் கொண்டு உங்கள் கட்டளைக்குப் பெயர் வைக்கிறீர்கள். பெயருக்கு முன் சி எழுத்தும் முக்காற்புள்ளியும் இருந்தால் அதைக் கட்டளை வரியில் நேரடியாகத் தட்டலாம். பிறகு எஸ்எஸ்கெட், எக்ஸ் என்ற குறியோடு. அது படம் முழுக்க, எல்லா லேயவுட்டிலும், வடிகட்டியில் நீங்கள் கொடுத்த பிளாக் பெயரைத் தேடும். ஒன்றும் கிடைக்காவிட்டால் வெறுமையைத் திருப்பித் தரும். அதைச் சோதித்த பிறகே அடுத்த வரிக்குப் போங்கள். கிடைத்தவற்றை ரிப்பீட் சுற்றில் எஸ்எஸ்நேம் மூலம் ஒவ்வொன்றாக எடுத்து, செட்பிராப்பர்ட்டிவேல்யூ கொண்டு அந்த அட்ரிபியூட்டின் டேக் பெயரையும் புது எழுத்தையும் கொடுத்தால் வேலை முடிந்தது.

இங்கே பலரையும் தடுமாறவைப்பது ஒன்று உண்டு. டைனமிக் பிளாக்கின் வடிவத்தை மாற்றியதும் ஆட்டோகேட் அதற்கு உள்ளுக்குள் நட்சத்திரமும் யூவும் ஓர் எண்ணுமாக வேறு பெயர் வைத்துவிடும். பெயரை வைத்துத் தேடினால் அகப்படாது. அதனால் தலைப்புக் கட்டத்தை டைனமிக் ஆக்காமல் சாதாரண பிளாக்காகவே வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

கோடு, வட்டம் வரையும் லிஸ்ப் என்றால் ஆப்ஜெக்ட் ஸ்னாப்பைப் பாருங்கள். கமாண்ட் மூலம் புள்ளியைக் கொடுக்கும்போது ஸ்னாப் திறந்திருந்தால், அந்தப் புள்ளி பக்கத்தில் உள்ள சுவர் முனைக்குத் தாவிவிடும். திரையைச் சுருக்கி வைத்திருக்கும்போது இது இன்னும் மோசம். தொடக்கத்தில் ஸ்னாப் அமைப்பைக் காக்கும் ஆஸ்மோடின் மதிப்பை ஒரு மாறியில் காப்பாற்றி, 0 ஆக்கி, முடிவில் பழையபடி வையுங்கள். நடுவில் எஸ்கேப் அழுத்தினாலும் பழைய மதிப்பு திரும்ப, எரர் செயலியும் (செயலி என்பது இங்கே லிஸ்ப்பின் ஒரு செயல்கூறு) எழுதிவிடுங்கள்.

இப்போதெல்லாம் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு லிஸ்ப் எழுதி வாங்குகிறார்கள். தாராளமாக வாங்குங்கள், ஆனால் வரிக்கு வரி படித்துப் பாருங்கள். இல்லாத செயலியின் பெயரை இருப்பதுபோல எழுதிவிடும். எந்த நிலையிலும் நகல் படத்தில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் உண்மைப் படம்.

ஒன்பதாம் படி: கோப்புகள் மொத்தமாக

ஆட்டோகேட் நிறுவிய கோப்புறையிலேயே ஏசிகோர்கன்சோல் என்ற நிரல் இருக்கிறது. திரையில் படத்தைக் காட்டாமலே திறந்து, ஸ்கிரிப்டை ஓட்டி, மூடிவிடும். அதனால் வேகம் அதிகம். ஐ குறிக்குப் பின் படத்தின் பாதை, எஸ் குறிக்குப் பின் ஸ்கிரிப்டின் பாதை. விண்டோஸ் பேட்ச் கோப்பில் ஃபார் சுற்று ஒன்று எழுதினால், கோப்புறையில் உள்ள டிடபிள்யூஜி எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து ஓட்டும். ஸ்கிரிப்டின் முதல் வரி உங்கள் லிஸ்ப்பை ஏற்றும், அடுத்த வரி அந்தக் கட்டளையை அழைக்கும், கடைசி வரி கியூசேவ். லிஸ்ப்புக்குள் பாதை எழுதும்போது சாய்கோட்டை முன்னோக்கிப் போடுங்கள். விஎல்ஏ என்று தொடங்கும் செயலிகள் இங்கே ஓடாது என்பதையும் நினைவில் வையுங்கள். ஓட்டுவதற்கு முன் கோப்புறை முழுவதையும் தேதி போட்டு நகலெடுங்கள். மொத்தமாகத் திருத்துவது எவ்வளவு வேகமோ, மொத்தமாகக் கெடுப்பதும் அவ்வளவு வேகம்.

எங்கே தானியக்கம் கூடாது

ஜார்ஜ்டவுன் கடைவீடுகளை அளந்து வரைபவர்களுக்கு ஒரு வார்த்தை. 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பகுதி அது. அங்கே உள்ள மரச் சன்னல்கள் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் டேப் வைத்து அளந்தால் அகலம் ஒன்றுக்கொன்று மாறும், சுவர் நேர்கோட்டில் இருக்காது, தரை சாய்ந்திருக்கும். ஒரு சன்னலை பிளாக்காக்கி எல்லா இடத்திலும் வைத்தால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் அது அந்த வீட்டின் படமாக இருக்காது. பழுதுபார்க்க வரும் தச்சர் உங்கள் படத்தை நம்பித்தான் மரம் அறுப்பார். அங்கே லேயர், தலைப்புக் கட்டம், தாள் தொகுப்பு ஆகியவற்றை மட்டும் தானாக நடக்க விடுங்கள். அளந்த கோடுகளை ஒவ்வொன்றாகக் கையாலேயே வரையுங்கள்.

பத்தாம் படி: எல்லோருக்கும் ஒரே இடத்தில்

டெம்ப்ளேட், பிளாக்குகள், லிஸ்ப், ஸ்கிரிப்ட் எல்லாம் அலுவலக சர்வரில் ஒரே கோப்புறையில் இருக்கட்டும். எழுதும் உரிமை ஒருவருக்கு, படிக்கும் உரிமை மற்றவர்களுக்கு. ஆப்ஷன்ஸில் சப்போர்ட் பாதையிலும், டிரஸ்டட் லொகேஷன்ஸிலும் அதைச் சேருங்கள். சேர்க்காவிட்டால் லிஸ்ப் ஏறும் ஒவ்வொரு முறையும் பாதுகாப்பு எச்சரிக்கை வரும். அந்தத் தொல்லைக்காக, எச்சரிக்கையைக் கட்டுப்படுத்தும் செக்யூர்லோட் மாறியை 0 ஆக்கிவைக்கும் வழக்கம் வேண்டாம், படங்களோடு பரவும் தீய லிஸ்ப் கோப்புகள் உண்மையிலேயே இருக்கின்றன. அதே கோப்புறையில் ஏகேட்டாக் என்ற பெயரில் ஒரு லிஸ்ப் கோப்பு வைத்து, மற்றவற்றை ஏற்றும் வரிகளை அதில் எழுதுங்கள். படம் திறக்கும்போதெல்லாம் அது தானே ஓடும். ஒவ்வொரு லிஸ்ப்பின் தலையிலும் அரைப்புள்ளி போட்டு, என்ன செய்கிறது, யார் எழுதியது, எந்தப் பதிப்பில் சோதித்தது என்று மூன்று வரி எழுதிவையுங்கள். புதுப் பதிப்பு நிறுவும் நாளில் முதலில் ஒரு நகல் திட்டத்தில் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் மற்றவர்களின் கணினிக்குப் போகலாம்.